பூசி மூடும் முன் பாருங்கள்

வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ ஒப்பந்தக்காரரை அமர்த்திய வாசகர்கள், தங்களுக்கு நேர்ந்தது நல்லதானாலும் கசப்பானதானாலும் எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் எட்டுக்கு, பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார். எழுதியவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் வெளியிடுகிறோம்.

வாசகி, தாம்பரம்

எங்கள் வீடு 1998-இல் கட்டியது. மொட்டைமாடியிலிருந்து படுக்கையறைச் சுவரில் ஓதம் இறங்கியதால், சென்ற ஐப்பசியில் ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தோம். பத்து நிமிடம் மாடியைப் பார்த்துவிட்டு 1,25,000 ரூபாய் பேசி, 80,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை அடித்து, மூன்றே நாளில் முடித்து, மீதிப் பணத்தையும் பெற்றுக்கொண்டு போனார். பத்து ஆண்டுக்கு உத்தரவாதம் என்று வாயால் சொன்னார். கார்த்திகை மழையில் அதே இடத்தில் மறுபடியும் நீர் இறங்கியது. இப்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்து மீண்டும் பூச்சு அடிக்கலாமா, அல்லது பழைய தளத்தை உடைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளத்தைப் புதிதாகப் போட வேண்டுமா?

பதில்: சகோதரி, இந்த இரண்டில் எதையும் இன்றே முடிவு செய்ய வேண்டாம். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் அதைத் தேடவே இல்லை என்பதுதான் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது. படுக்கையறைச் சுவர் நனைகிறது என்பதற்காக அதற்கு நேர் மேலேதான் குற்றம் இருக்க வேண்டும் என்பதில்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தால் போதும். அங்கே இறங்கும் நீர், மாடியில் பதித்த தட்டோட்டுக்கும் அடியிலுள்ள கான்கிரீட்டுக்கும் இடையே வழி தேடிப் பல அடி தள்ளிப் போய் வெளிவரும். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றியுள்ள கலவை விட்டுப்போயிருக்கலாம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சுவருக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் சித்திரை வெயிலிலும் அந்தச் சுவர் காயாது, எனவே கோடையில் அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடைக்கு ஒரு சோதனை இருக்கிறது. மழையில்லாத பங்குனி, சித்திரையில் மழைநீர்க் குழாயின் வாய்களைத் துணியால் அடைத்து, மாடியைக் களிமண்ணாலோ மெலிந்த கலவையாலோ மூன்று நான்கு பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தியில் மட்டும் ஓரங்குலம் முதல் இரண்டு அங்குல உயரம் வரை தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரியவில்லையென்றால் அந்த நீரை வடித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்துப் பாத்தியில் நீர் நிற்கும்போது மட்டும் கீழே நனைந்தால், மாடி முழுவதற்கும் செலவு செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். அந்த மூலையை மட்டும் கொத்தி, விரிசலை அகட்டி நிரப்பி, வளைவாகக் கலவை பூசி, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சைத் தளத்திலிருந்து சுவர் மேல் அரையடி முதல் ஓரடி வரை ஏற்றி அடித்தால் போதும்.

சென்ற முறை ஏன் தோற்றது என்பதையும் சொல்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மாடியின் உட்புறம் காய்ந்திருக்காது. ஈரத்தின் மேல் அடித்த பூச்சு சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் வெயில் ஏறும்போது உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். மாடி வேலைக்கு உரிய காலம் மாசி முதல் வைகாசி வரை. மழை இறங்கிய பின் பதற்றத்தில் ஆள் தேடும்போது பேரம் பேசும் வலிமையும் நமக்கு இருப்பதில்லை. இரண்டாவதாக, வாட்டம். தண்ணீர் வடியும் திசையில் பத்து அடிக்கு ஓரங்குலமாவது சரிவு இல்லாவிட்டால் மழைநீர் குளமாக நிற்கும், எந்தப் பூச்சும் அங்கே நெடுநாள் தாங்காது. உங்கள் மாடியில் வாட்டமே கெட்டிருந்தால்தான் சுருக்கித் தளத்தைப் புதிதாகப் போடுவது பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பழைய சுருக்கியை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். பழையதன் மேலேயே இன்னொரு மூன்றங்குலத் தளம் போட்டால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் சுமை கூடும், கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒரு கூரையின் மேல் அதைக் கேட்காமல் ஏற்றக் கூடாது.

வாயால் சொன்ன உத்தரவாதத்துக்கு இனி என்ன செய்யலாம் என்பதை வேலூர் வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

வாசகர், மதுரை

எனக்குக் கிடைத்தது நல்ல அனுபவம். வீட்டின் இரண்டு குளியலறைகளையும் புதுப்பித்தோம். சுவரில் குழாய் பதித்த பிறகு, நான் வெளியூர் போயிருந்ததால், நான் வந்து பார்க்கும்வரை பூச மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டு, இரண்டு நாள் வேறு பகுதியில் வேலை பார்த்தார். நான் வந்ததும் கைப் பம்பு ஒன்றால் குழாய்க்குள் நீரை ஏற்றி, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று காட்டினார். மறுநாள் காலையிலும் முள் அங்கேயே நின்றது. அதன் பிறகுதான் பூசினார். என் மைத்துனர் இதெல்லாம் கூலியை ஏற்றும் வழி என்கிறார். இது தேவையான சோதனைதானா? இப்படிப்பட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தேவையான சோதனைதான். உங்கள் மேஸ்திரி செய்தது தன் தொழிலை மதிக்கிற ஒருவர் செய்கிற காரியம், அவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பசை போட்டு ஒட்டும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்களில் பசை முழுதாக இறுகிய பிறகு, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்தால், சரியாக ஒட்டாத இணைப்பு அப்போதே வெளிப்பட்டுவிடும். அந்த நிலையில் அதைச் சரிசெய்ய குழாயை இணைக்கும் ஒரு முட்டியும் அரை மணி நேரமும் போதும். அதே கசிவு டைல்ஸ் ஒட்டிய ஓராண்டு கழித்துத் தெரிந்தால், டைல்ஸை உடைக்க வேண்டும், அதே நிறத்தில் புதிது கிடைக்காது, கீழ்த்தளத்து அறையின் கூரையும் கெட்டிருக்கும்.

என் வீட்டிலேயே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அலுவலகம் போயிருந்த ஒரு பகல் பொழுதில், குளியலறையில் கழிவுக் குழாய்களுக்காகத் தாழ்த்திக் கட்டிய பள்ளத் தளத்தை நீர்த்தடுப்பு செய்தார்களா இல்லையா என்று யாரும் பார்ப்பதற்குள் ஜல்லியும் மணலும் கொட்டி நிரப்பிவிட்டார்கள். செய்துவிட்டோம் என்றார்கள், நானும் நம்பினேன். நாலாவது ஆண்டு அடுத்த அறையின் சுவரில் உப்புப் பூத்தது. தொழில் தெரிந்த எனக்கே இப்படியானது என்றால், தெரியாத ஒருவர் எவ்வளவு திகைத்துப்போவார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். வீட்டு வேலையில் கெடுதல் செய்யக்கூடியவை எல்லாம் இன்னொன்றால் மூடப்படுபவை. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது, குழாயைப் பூச்சு மூடுகிறது, நீர்த்தடுப்பை டைல்ஸ் மூடுகிறது, பலகையை மைக்கா மூடுகிறது, ஈரச் சுவரைப் பட்டியும் பெயிண்டும் மூடுகின்றன. ஒவ்வொன்றும் மூடப்படுகிற அந்த நாளில் நீங்கள் அங்கே நின்று பார்க்க வேண்டும், அன்றைக்கு வேலைக்கு விடுப்பு எடுத்தாலும் தகும். பள்ளத் தளமானால் நிரப்புவதற்கு முன் 48 மணி நேரம் நீர் கட்டிப் பாருங்கள். மின்கம்பியானால் குழாய்க்குள் இழுப்பதற்கு முன் சுருளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1.5, அடுப்படியின் பெரிய பிளக்குகளுக்கு 2.5, குளிர்சாதனத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது வழக்கம். குழாய்களும் கம்பிகளும் போகும் சுவர்களை, ஓர் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போதும் துளை போடும்போதும் அந்தப் படங்கள் உதவும்.

இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க, அவர் சென்ற மாதம் முடித்த வீட்டைப் பார்க்காதீர்கள். புதுப் பெயிண்டின் வாசனை போகாத வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தைக் கடந்த அவருடைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ஒழுகியதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏதேனும் குறை வந்தபோது கூப்பிட்டால் திரும்பி வந்தாரா என்று கேளுங்கள். குறை யாருடைய வேலையிலும் வரும். திரும்பி வருகிறவரைத்தான் நாம் தேட வேண்டும்.

வாசகர், திருச்சி

மாடியில் ஓர் அறையும் கழிவறையும் கட்ட 6,50,000 ரூபாய்க்குப் பேசினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று மேஸ்திரி வந்து நிற்பார், நானும் கொடுத்துவிடுவேன். கூரை போட்ட நிலையில் 5,40,000 ரூபாய் போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்கிறார். மாசியும் பிறந்துவிட்டது. நான் என்ன செய்வது?

பதில்: சனிக்கிழமைக் கூலி உண்மையான தேவை, கொத்தனாரும் சித்தாளும் அன்றைய பணத்தில்தான் அடுத்த வாரத்துக்கு அரிசி வாங்குகிறார்கள், அதைக் கேட்பதில் தவறு கிடையாது. ஆனால் நீங்கள் கொடுத்தது உங்கள் வீட்டு வேலையின் கூலிதானா என்பது வேறு கேள்வி. ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் வேலை எடுத்தவர், இந்த வீட்டுப் பணத்தில் அந்த வீட்டுக் கூலியைக் கொடுத்துச் சமாளிப்பது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. பலர் ஏமாற்றும் எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. முன்பணம் தீர்ந்த இடத்தில் வேலையை முடிக்கக் கையில் காசில்லாமல் போவதால், முன்பணம் தரும் புதிய இடத்துக்கு ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் கடைசியாக நிற்பவர் உங்களைப் போன்ற ஒருவர்.

இப்போது செய்ய வேண்டியது கணக்கு. பூச்சு, தளம், கதவு ஜன்னல், குழாய், மின்சாரம், பெயிண்ட் ஆகிய மீதி வேலைகளுக்கு வேறொரு மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ தனித்தனியாக மதிப்பீடு எழுதி வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், பழையவரையே அழைத்துப் பேசுங்கள். இனிமேல் பொருளை நீங்களே வாங்கித் தருவதாகவும், கூலியை மட்டும் அந்தந்த வாரம் முடிந்த வேலைக்கு அளந்து தருவதாகவும் சொல்லுங்கள். பணமில்லாமல் நின்றவர்களில் பலர் இதற்கு ஒப்புக்கொண்டு வந்துவிடுவார்கள். வரவில்லையென்றால், ஒரு தேதி குறித்து, அதற்குள் தொடங்காவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்து, கூடுதல் செலவை அவரிடம் கேட்பேன் என்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டு, வேலை நின்ற நிலையைப் படம் எடுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். கூரைக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சிமெண்ட் பாலாவது பூசி வையுங்கள். அடுத்த மழைக்குள் துரு ஏறிவிடும்.

இனி வேலை தொடங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முன்பணம் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மற்றத் தவணைகளைத் தேதியோடு கட்டாமல், மதுரை வாசகருக்குச் சொன்ன அந்த மூடும் கட்டங்களோடு கட்டுங்கள். கம்பி கட்டியதைப் பார்த்த பிறகு ஒரு தவணை, குழாய்ச் சோதனை முடிந்த பிறகு ஒரு தவணை என்று எழுதிக்கொண்டால், பணம் வாங்குவதற்காகவாவது அவரே உங்களை அழைத்துக் காட்டுவார். நூற்றுக்கு ஐந்து ரூபாயை முதல் பெருமழை கழியும்வரை நிறுத்தி வையுங்கள், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாசகி, சேலம்

சமையலறை அலமாரிகளுக்கு நீர்புகாத பிளைவுட் போடுவதாகப் பேசிப் பணம் வாங்கினார்கள். ஒன்றரை ஆண்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பலகை உப்பி, மைக்கா பிரிந்துவிட்டது. தண்ணீர் பட்டால் எந்தப் பலகையும் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையல்ல. கடைகளில் எம்.ஆர். என்று விற்கும் சாதாரணப் பலகை, ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தரமுறைகளில் 303-ஆம் எண்ணின் கீழ் வருவது. அதன் மெல்லிய மரத் தாள்களை ஒட்டப் பொதுவாகப் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, அவ்வப்போது படும் ஈரத்தைத் தாங்கும், தேங்கும் ஈரத்தைத் தாங்காது. மரைன் பிளைவுட் எனப்படும் ஐ.எஸ். 710 பலகையில் ஃபீனால் வகைப் பசை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் தாள்கள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. ஒன்றரை ஆண்டில் தாள் தாளாக விரிகிற பலகை அந்தச் சோதனையில் தேறியிருக்க முடியாது.

உப்பிய இடத்தை ஒரு தச்சரைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். பலகையின் முகத்தில் தரக் குறியும் ஐ.எஸ். எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும், அது தெரிந்தால் படம் எடுங்கள். தெரியாவிட்டால், நனையாத ஓர் இடத்திலிருந்து சிறு துண்டை வெட்டி எடுத்துச் சில மணி நேரம் கொதிக்கவிட்டுப் பார்த்தால், யூரியா பசையானால் தாள்கள் கழன்றுவிடும். வழக்காடுவதற்கு இந்த வீட்டுச் சோதனை போதாது என்றாலும், பேசி முடிக்கப் பல நேரம் போதும். அவர்கள் தந்த மதிப்பீட்டுத் தாளில் "நீர்புகாத" என்ற சொல் மட்டும் இருக்கிறதா, ஐ.எஸ். 710 என்று எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

வாசகர், கோவை

பூச்சு வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசினோம். கடைசியில் அளக்கும்போது, கதவு ஜன்னல் இருக்கும் இடத்தையும் சேர்த்து அளந்தார்கள். இல்லாத சுவருக்குக் கூலி கேட்பது நியாயமா? அளவுத் தகராறில் இருபது நாளாக வேலை நிற்கிறது.

பதில்: இதில் உங்கள் மேஸ்திரி முழுதும் தவறும் இல்லை, நீங்கள் முழுதும் சரியும் இல்லை. கட்டட வேலைகளை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரமுறை இருக்கிறது. அதன்படி அரைச் சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்தரைச் சதுர அடிக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையிலான திறப்புகளுக்கு, சுவரின் இரு புறமும் ஒரே பூச்சானால், ஒரு புறத்தை மட்டும் கழிக்க வேண்டும். இன்னொரு புறத்தைக் கழிக்காமல் விடுவதற்குக் காரணம், திறப்பின் உட்பக்க விளிம்புகளையும் கொத்தனார் பூசியாக வேண்டும், அதற்குத் தனியாகக் கூலி கிடையாது. விளிம்பு பிடிப்பதுதான் பூச்சில் நேரம் எடுக்கும் வேலை என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே 7 அடிக்கு 3 அடிக் கதவானால் 21 சதுர அடியை ஒரு முறை கழிக்கச் சொல்லுங்கள். 4 அடிக்கு 4 அடி ஜன்னலானால் 16 சதுர அடியை ஒரு முறை. கழிவறையின் சிறு காற்றோட்ட ஜன்னலைக் கழிக்கக் கேட்காதீர்கள். இதை அவரிடம் சொல்லி, இருவரும் நாடாவின் இரு முனையைப் பிடித்து ஒரே நேரத்தில் அளந்து, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பொழுதில் தீரக்கூடிய தகராறு இது. இருபது நாள் நின்றதற்கான இழப்பு இருவருக்கும் இதைவிட அதிகம். ஆனால் பூசிய சுவருக்குத் தினமும் தண்ணீர் விடுகிறார்களா? வேலை நின்றுவிட்டது என்று அதையும் நிறுத்தியிருந்தால், சுவரில் மயிரிழை விரிசல்கள் இப்போதே தெரியும். பட்டி பார்ப்பதற்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வாசகர், தூத்துக்குடி

கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூசி மூடினார். எட்டு மாதத்தில் மறுபடியும் விழுந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை.

பதில்: அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள், முதலில் அதைச் செய்யுங்கள். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். உள்ளிருந்து தள்ளுவது அந்தத் துரு, மேலே எவ்வளவு நல்ல சிமெண்டைப் பூசினாலும் அது தள்ளும். துருவைச் சுற்றியுள்ள தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து, தேவையானால் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்பு பூசி, அதற்கான பழுதுபார்ப்புக் கலவையால் நிரப்ப வேண்டும். உங்கள் ஊரின் கடற்காற்றில் இது விரைவாகப் பரவும். கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் மூடல், சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் என்றும், கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர் என்றும் ஐ.எஸ். 456 சொல்வது அதனால்தான். இது மேஸ்திரியோடு பேசி முடிக்கும் வேலையன்று. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, அவர் எழுதித் தருவதைக் கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வாசகர், வேலூர்

வீட்டைப் புதுப்பிக்க 9,00,000 ரூபாய் செலவிட்டேன். தரைச் சாய்வு தவறு, கழிவுநீர் திரும்பி வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. ரெரா சட்டத்தில் ஐந்து ஆண்டுப் பொறுப்பு உண்டு என்று நண்பர் சொல்கிறார். நான் எங்கே முறையிடலாம்?

பதில்: நண்பர் சொல்லும் ஐந்து ஆண்டுப் பொறுப்பு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனத்துக்கு உரியது. உங்கள் சொந்த வீட்டில் நீங்கள் அமர்த்திய ஒப்பந்தக்காரரை அது கட்டாது.

உங்களுக்குரிய வழி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்பதை உச்ச நீதிமன்றம் 1993-லேயே உறுதி செய்துவிட்டது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஒப்பந்தக்காரர் வேறு ஊர்க்காரரானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரையானால் வழக்குக் கட்டணமில்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தாம்பரம் வாசகிக்கும் இதே கணக்குத்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம், வழக்கை இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாதது வழக்கைக் கடினமாக்கும், ஆனால் மூடிவிடாது. வங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அனுப்பிய பணம், வாட்ஸ்அப்பில் வந்த மதிப்பீடு, பொருள் வாங்கிய ரசீதுகள், "நாளை வருகிறேன்" என்று அவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாமே சான்றுகள்தான். உங்கள் நிலையில் மிகவும் உதவக்கூடியது, குறையைப் பழுதுபார்ப்பதற்கு முன் தகுதி பெற்ற ஒரு பொறியாளர் வந்து பார்த்து எழுதித் தரும் அறிக்கை. எத்தனையோ பேர் பொறுக்க முடியாமல் முதலில் உடைத்துச் சரிசெய்துவிட்டுப் பிறகு வழக்குக்குப் போகிறார்கள். அப்போது காட்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. உங்கள் வீட்டிலோ கழிவுநீர் திரும்புகிறது, நீண்ட நாள் காத்திருக்க முடியாது. ஆகவே இந்த வாரமே பொறியாளரை அழைத்து, ரசமட்டம் வைத்து அளந்து படம் எடுக்கச் செய்து, ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, அதன் பின் குழாய் வேலையைத் தொடங்குங்கள்.

மேஸ்திரி ஒருவர், கும்பகோணம்

உங்கள் பகுதியை நானும் படிக்கிறேன், ஐயா. எங்களைப் பற்றி எல்லாரும் குறை சொல்கிறார்கள். ஒரு வீட்டில் தரை வேலை எடுத்தேன். வீட்டுக்காரர் டைல்ஸை மூன்று முறை மாற்றினார், ஒட்டிய இரண்டு அறைகளைப் பெயர்த்து மறுபடியும் ஒட்டினேன். இப்போது பேசிய தொகைக்கு மேல் தர மாட்டேன் என்கிறார், அதிலும் 40,000 ரூபாயைப் பிடித்து வைத்திருக்கிறார். ஆட்களுக்கு நான் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தேன். எனக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: இந்தக் கடிதத்துக்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். நாற்பது ஆண்டுத் தொழிலில், கூலி வராமல் பெண்டாட்டியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்த மேஸ்திரிகளையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் கடிதம் சொல்கிறது. குறையைக் காட்டி, அதைச் சரிசெய்யும்வரை அதற்கு ஏற்ற தொகையை நிறுத்துவது நியாயம். குறை எதுவும் காட்டாமல் கடைசிப் பணத்தை இழுத்தடிப்பது, முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடுவதற்குச் சமமான தவறு. மனம் மாறுவது வீட்டுக்காரரின் உரிமை, மாறியதற்கான கூலி அவருடைய கடன்.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது, ஏனெனில் நீங்கள் சேவையைத் தந்தவர். செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கால வரம்பு உண்டு. அதற்கு முன், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்கு போடாமலேயே இருவரையும் அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசவைப்பார்கள், செலவில்லை. அங்கே முடிவாகும் தொகை நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். போகும்போது டைல்ஸ் கடையின் மூன்று ரசீதுகளின் படியையும், பெயர்த்த அறைகளின் படம் எதுவும் கைப்பேசியில் இருந்தால் அதையும், அந்த நாட்களில் வேலை செய்த கொத்தனார்களின் வருகைக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.

அடுத்த வீட்டில் வேலை தொடங்கும்போது நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டுக்காரரிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் எதுவானாலும் அன்றே தேதி போட்டு, என்ன மாறுகிறது, அதற்குக் கூடுதல் கூலி எவ்வளவு என்று இரண்டிலும் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு கரண்டியை எடுங்கள். சங்கடமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். மதுரையில் ஒரு மேஸ்திரி வீட்டுக்காரர் வரும்வரை பூச மாட்டேன் என்று இரண்டு நாள் காத்திருந்தார், அந்த வீட்டுக்காரர் அவரைப் பற்றித்தான் இந்த இதழுக்கு எழுதியிருக்கிறார்.